மிராசு யாருடையது?

பஞ்சாபில் ஒருவரைப் பார்த்து 'மிராசி' என்று சொன்னால் சட்டையைப் பிடித்துவிடுவார். தஞ்சாவூர்ப் பக்கம் 'மிராசு வந்திருக்காரு' என்றால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து இடம் விட்டார்கள், நேற்று வரைக்கும். இரண்டும் ஒரே சொல். இது எனக்குத் தட்டுப்பட்டது டென்சில் இபெட்சன் எழுதிய பஞ்சாப் அறிக்கையில். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி அவர் எழுதிய சாதிகள் பற்றிய பகுதியில் மிராசிகளுக்கு ஓர் இடம் உண்டு. அவர்கள் பாடகர்கள், வாத்தியக்காரர்கள், புரவலர் வீட்டு வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள். குருநானக்கோடு ரபாப் வாசித்தபடி நடந்த மர்தானா அந்தக் குலத்தில் பிறந்தவர்தான். இவ்வளவு இருந்தும் ஊரில் அவர்களுக்கு மரியாதை இல்லை. கல்யாண வீட்டில் பாட வேண்டும், காசு வாங்க வேண்டும், விலகி நிற்க வேண்டும்.

நான் அப்போது தேடிக்கொண்டிருந்தது பஞ்சாபை அல்ல, செங்கல்பட்டை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் செங்கல்பட்டு வருவாய்த்துறைத் தொகுதிகளைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் மிராசு, மிராசுதார், மிராசு பாத்தியம் என்றுதான் வரும். இங்கே அது நிலம். ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்கு. அங்கே பாட்டுக்காரனுக்குப் போன சொல் இங்கே பண்ணையாருக்கு எப்படி வந்தது? வந்தபோது இங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த சொல் எங்கே போனது?

முதல் தடயம் ஒலியில் இருக்கிறது. மூலம் அரபி. 'வ–ர–த' என்ற மூன்றெழுத்து வேரிலிருந்து வந்தது 'மீராத்', அதாவது வாரிசாக வந்த சொத்து. கடைசியில் வரும் 'த்' நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் ஒலி. பாரசீகர்களுக்கு அது வராது. அவர்கள் அதை 'ஸ்' ஆக்கிக்கொண்டார்கள். ஆகவே 'மீராஸ்'. தமிழில் 'மிராசு'. கிழக்கு ஆப்பிரிக்கச் சுவாஹிலியில் இதே சொல் 'மிராதி' என்று இருக்கிறது. அரபு வணிகர் வாயிலிருந்து நேராகக் கரையிறங்கியதால் அங்கே மூல ஒலி பிழைத்துவிட்டது. நம் கரையிலும் அரபு வணிகர்கள் காலங்காலமாக வந்து போனவர்கள்தான். ஆனாலும் இந்தச் சொல் அவர்கள் மரக்கலத்தில் வரவில்லை. 'சு' என்று முடிவதே சாட்சி. இது பாரசீகத்தில் எழுதிய கச்சேரி, அதாவது சர்க்கார் அலுவலகம் வழியாக, கணக்குப் புத்தகத்தோடு வந்த சொல்.

இதற்கு ஒரு கூடப்பிறந்த சொல் உண்டு. தாலுகா அலுவலகத்தில் சான்றிதழுக்காக வரிசையில் நிற்கிறோமே, அந்த 'வாரிசு'. அதே வேர், அதே வழி, அதே 'சு'. பெறுபவர் வாரிசு, பெறுவது மிராசு. ஒன்று எல்லா வீட்டுக்கும் வந்தது, மற்றது சில வீடுகளில் மட்டும் தங்கியது.

மற்ற ஊர்களில் இது என்ன பாடுபட்டது என்றும் பார்த்தேன். துருக்கியில் 'மிராஸ்' வெறும் பரம்பரைச் சொத்து. அப்பன் சொத்தை அழிக்கும் பிள்ளைக்கு அங்கே 'மிராஸ் தின்னி' என்று பொருள்படும் ஒரு பெயர் இருக்கிறது. நம்மூரிலும் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை, பெயர்தான் கிடைக்கவில்லை. உதுமானியர் ஆண்ட செர்பியாவில் 'மிராஸ்' வரதட்சணை ஆகிவிட்டது. மகளுக்குப் பங்கு என்று கொடுத்தது, மாப்பிள்ளைக்குக் கொடுப்பதாக மாறிய கதை. இன்றைய ஈரானில் பண்பாட்டு மரபுச் சின்னங்களைக் குறிக்க இந்தச் சொல்தான். மராத்தியில் 'மிராஸ்தார்' ஊரின் நிலையான உழவர், வெளியிலிருந்து வந்து உழுபவர் 'உபரி'.

இவற்றையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று பிடிபடுகிறது. மிராசு என்ற சொல் 'பரம்பரையாக வந்தது' என்று மட்டும் சொல்கிறது. என்ன வந்தது என்று சொல்வதில்லை. நிலமா, நகையா, பாட்டா, பதவியா என்பதை அந்தந்த ஊர் முடிவு செய்தது. செங்கல்பட்டில் அதை முடிவு செய்தவர்கள் யார் என்பதுதான் மீதி வேட்டை.

இங்கே ஆவணம் தேடுகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. 'செங்கல்பட்டு' என்று பட்டியலில் இருப்பது இன்றைய மாவட்டம் அல்ல. பொன்னேரியிலிருந்து மதுராந்தகம் வரை நீண்டு கிடந்த பழைய மாவட்டம் அது. 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 2019 நவம்பரில்தான் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டம் ஆனது. அதற்கும் முந்தைய தொகுதிகளில் தேட வேண்டிய பெயர் 'ஜாகீர்'. ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த நிலப்பரப்பு. கொடுத்த கையோடு அவரே குத்தகைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். 1780-ல் ஹைதர் அலியின் படை வந்து ஊர்களைச் சூறையாடிய காலத்தில்தான் கம்பெனி நேரடியாக நிர்வாகத்துக்கு வந்தது.

அதற்கு முன்பே தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்திருந்தார். அந்த அளவைக்காக ஊர்க் கணக்குப்பிள்ளைகள் எழுதிய ஓலைக் கட்டுகளில் ஒரு பகுதி இன்று தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆய்வாளர் தரம்பாலும் அவரைத் தொடர்ந்து சென்னையின் கொள்கை ஆய்வு மையமும் இந்தக் கணக்குகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். களத்தில் நெல் குவிந்ததும் யார் யாருக்கு எவ்வளவு என்பது அந்தக் கணக்கின் சாரம். கோயில், கணக்குப்பிள்ளை, தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், வெட்டியார், தோட்டி, ஏரி மதகைப் பார்ப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. மேரை, மானியம் என்பவை அதில் புழங்கும் சொற்கள். பங்குக்கு இன்னொரு பெயர் 'சுதந்திரம்'. ஆமாம், நாம் ஆகஸ்ட் 15-ல் கொடி ஏற்றும் அதே சொல்தான். அன்றைக்கு அது களத்து மேட்டில் அளந்து போடும் நெல். சொந்த உரிமையாக வருவது என்ற பொருளில்.

இந்த ஏற்பாட்டின் உச்சியில் இருந்தவர்களைத் தமிழில் காணியாட்சிக்காரர் என்றார்கள். ஊர் நிலம் முழுவதும் இத்தனை பங்கு என்று கணக்கு. சில ஊர்களில் நிலம் பொதுவில் கிடக்கும், குறித்த காலத்துக்கு ஒருமுறை பங்காளிகள் மாற்றிப் பிரித்துக்கொள்வார்கள். அது பசுங்கரை. ஒரேயடியாகப் பிரித்து முடித்துவிட்டால் அறுதிக்கரை. பங்கு இல்லாமல் பயிர் மட்டும் செய்பவர் பாயக்காரி. அவர் காணியாட்சிக்காரருக்குத் துண்டுவாரம் கட்ட வேண்டும். இவையெல்லாம் பழகிய சொற்கள். இவற்றுக்கு மேலே ஒரு அரபிச் சொல்லைத் தூக்கி வைத்தது யார்?

சந்தேகத்துக்கு உரியவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாரசீகத்தில் உத்தரவு எழுதிய நவாப் சர்க்கார். மற்றவர், இந்தச் சொல்லை மராத்தியில் நன்றாகப் பழகியிருந்த தேசஸ்தப் பிராமணக் கணக்கர்கள். நெருங்கிப் பார்த்தால் இருவரையும் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. இருவரும் ஒரே கச்சேரியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். நவாபின் வருவாய்க் கணக்கில் மராத்தி பேசும் எழுத்தர்கள் நிறைந்திருந்தார்கள். கம்பெனியும் அவர்களையே அப்படியே எடுத்துக்கொண்டது. ஆக, சொல்லைக் கொண்டுவந்தது நவாப் கச்சேரி. ஆணியடித்தது கம்பெனி. என் முடிவு இதுதான்.

ஆணியடித்த கைகளில் முதல் கை லயனல் பிளேஸ். 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டர். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலுக்குப் போனவர்களுக்கு இவரைத் தெரியும். ஏரிக்கரை உடையாமல் ராமலட்சுமணர் காவல் நின்றதைக் கண்டு தாயார் சன்னிதி கட்டிக்கொடுத்ததாகக் கதை சொல்வார்களே, அந்தத் துரை. கோயிலில் மென்மையாக இருந்தவர் கச்சேரியில் அப்படி இல்லை. பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதார்கள் அவர் கேட்ட தீர்வைக்கு இணங்காதபோது அவர்களைத் தூக்கிவிட்டு வேறு ஆட்களை வைத்தார். 'மிராசு என்றால் என்ன, சர்க்கார் அதைப் பறிக்க முடியுமா' என்ற வழக்கு அங்கேதான் சூடு பிடித்தது.

அந்த வழக்கில் சாட்சிக் கூண்டு ஏறியவர் நமக்கு வேறு வகையில் தெரிந்தவர். பிரான்சிஸ் வைட் எல்லிஸ், சென்னைக் கலெக்டர். திருவள்ளுவர் உருவம் பொறித்த தங்கக் காசு வெளியிட்ட எல்லீசன். மிராசு பற்றி அரசு அனுப்பிய 17 கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில் 1818-ல் சென்னையில் அச்சாகி வெளிவந்தது. கூடவே இரண்டு பின்னிணைப்பு. அவருடைய சிரஸ்தார் (தலைமை எழுத்தர்) சங்கரய்யாவின் பதில்களும் அதில் உண்டு. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1816-ல், கேம்பெல்லின் தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய குறிப்பில்தான் தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று எல்லிஸ் காட்டினார். கால்டுவெல்லுக்கு 40 வருஷம் முன்பு. அங்கே தெலுங்குச் சொற்களில் எது கடன், எது சொந்தம் என்று பிரித்த அதே கை இங்கே நிலத்தில் செய்ததும் அதே வேலை. மிராசு அரபியிலிருந்து வந்த பெயர், அதன் அடியில் இருக்கும் உரிமை அதைவிடப் பழையது, அதன் தமிழ்ப் பெயர் காணியாட்சி என்று அவர் எழுதினார். ஆதொண்டைச் சக்கரவர்த்தி தொண்டைமண்டலத்துக் காட்டை அழித்து வேளாளரைக் குடியேற்றிய கதையையும் சேர்த்துக்கொண்டு, இது சர்க்கார் கொடுத்த சலுகை அல்ல, உடைமை என்று வாதாடினார். பின்னர் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ அதை ஒப்பவில்லை. 1824 கடைசியில் எழுதிய குறிப்பில், மிராசின் மதிப்பை ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள் என்கிற தொனியில் அதை மறுத்தார்.

எல்லிஸ் 1819 மார்ச்சில் ராமநாதபுரத்தில் இறந்துபோனார். தவறுதலாக நஞ்சு உட்கொண்டதாகச் சொல்வார்கள். அவருடைய மற்ற கையெழுத்துத் தாள்கள் மதுரையில் ஒரு துரை வீட்டில் கிடந்து, சமையற்காரர் அடுப்புப் பற்றவைக்கவும் கோழி வாட்டவும் மாதக்கணக்கில் பயன்பட்டதாக வால்டர் எலியட் எழுதி வைத்திருக்கிறார். தப்பிய சில ஜி.யு. போப் வழியாக ஆக்ஸ்போர்டு போய்ச் சேர்ந்தன. மிராசு நூல் அச்சேறிவிட்டதால் பிழைத்தது. 1852-ல் சி.பி. பிரவுன் அதை மன்றோவின் மறுப்போடு சேர்த்து மறுபடி பதிப்பித்தார். 1862-ல் பெய்லியும் ஹட்டில்ஸ்டனும் மிராசு ஆவணங்களைத் தனித் தொகுதியாக்கினார்கள். எழும்பூரில் நான் அதிகம் புரட்டியது இந்த 1862 தொகுதியைத்தான்.

எல்லிஸ் சொன்ன 'பழையது' எவ்வளவு பழையது? இதற்கு மாமல்லபுரம் போக வேண்டும். கடற்கரைக் கோயிலின் அடித்தளத்தில் ராஜராஜனின் 25ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, சுமார் 1010. ஹுல்ட்ஸ் 1890-ல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தது. உப்புக் காற்று அரித்த கல், நேரில் பார்த்தால் எழுத்து தேடித்தான் பிடிக்க வேண்டும். மாமல்லபுரத்து நகரத்தார் கூடி, ஊரின் நன்செய், புன்செய், தோட்ட நிலத்தை நான்கு சமக் கூறாகப் பிரித்துக்கொண்ட உடன்பாடு அதில் இருக்கிறது. நிலம் இல்லாதவர்களையும் அது விடவில்லை. வியாபாரம் செய்கிறவர் இவ்வளவு, கூலி வேலை செய்கிறவர் இவ்வளவு என்று அவர்கள் தலையிலும் ஒரு பொன் கணக்கு. பங்கு உள்ளவன், பங்கு அற்றவன் என்ற கோடு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் விழுந்துவிட்டது. உத்திரமேரூரில் இன்னும் நூறு வருஷம் முன்னால், முதலாம் பராந்தகன் காலத்தில், குடவோலைக்குப் பெயர் எழுத வேண்டுமானால் கால் வேலி வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும் என்ற விதி. அந்தத் தேர்தலை ஜனநாயகம் என்று கொண்டாடுகிறவர்கள் இந்த நிபந்தனையைக் கொஞ்சம் மெதுவான குரலில்தான் சொல்கிறார்கள்.

காணி என்ற சொல்லே விரிந்த சொல். எண்ணில் அது எண்பதில் ஒரு பங்கு. அளவில் 1.32 ஏக்கர். பாரதி பராசக்தியிடம் கேட்டதும் காணிதான். அவர் மிராசு கேட்கவில்லை! இலங்கைத் தமிழில் காணி இன்றும் முழு உயிரோடு இருக்கிறது. காணி உறுதி, காணிப் பிணக்கு, காணிக் கந்தோர் என்று பத்திரிகையைத் திறந்தால் அதுதான். பாரசீகக் கச்சேரி யாழ்ப்பாணத்துக்குப் போகவில்லை. அங்கே போர்த்துக்கேயரும் டச்சுக்காரரும் போனார்கள், ஆகவே அலுவலகம் 'கந்தோர்' ஆனது, நிலம் காணியாகவே இருந்தது. இங்கே தமிழ்நாட்டில் விழுப்புரம், கடலூர்ப் பக்கம் அளவாக மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி வேட்டையின் கசப்பான பகுதி. மிராசு என்ற சொல்லை நிலத்துக்கு மட்டும் ஒதுக்கியது கச்சேரி. ஊர் அப்படி ஒதுக்கவில்லை. தலையாரி வேலை, மெய்க்காவல், கோயில் மேளம், பரிசாரகம் என்று பரம்பரையாக வந்த எல்லா ஊழியமும் மிராசுதான். வெட்டியார், தோட்டி வேலை பார்த்த பறையர்களும் தங்கள் வேலையையும் அதற்கான நெல்லையும் தங்கள் மிராசாகவே கொண்டார்கள். எல்லைத் தகராறு வந்தால் பறையர் ஒருவர் தலையில் தண்ணீர்க் குடத்தோடு நடந்து காட்டும் தடத்தையே எல்லையாக ஏற்றுக்கொள்ளும் வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டு ஆங்கில அலுவலர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரின் எல்லை அவர் நினைவில் இருந்தது. பஞ்சாபில் வம்சத்தை நினைவில் வைத்திருந்தவனுக்கு மிராசி என்ற பெயராவது மிஞ்சியது. செங்கல்பட்டில் எல்லையை நினைவில் வைத்திருந்தவர் படியாள் ஆனார். காணியாட்சிக்காரரின் நிலத்தோடு கட்டப்பட்ட ஆள்.

இதைச் சர்க்காருக்குள்ளிருந்தே போட்டு உடைத்தவர் ஜே.எச்.ஏ. திரெமென்ஹீர். செங்கல்பட்டின் பொறுப்புக் கலெக்டராக 1891 அக்டோபரில், மாவட்டத்துப் பறையர்கள் நிலை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். மிராசு அதில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பாருங்கள். பறையர் ஒருவர் தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து கொடுக்கிறார். மிராசுதாருக்கு முன்னுரிமை என்று விதி. அவர் 'எனக்கு வேண்டும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் மனு தள்ளுபடி. உழப்போவதில்லை என்றாலும் சரி. சேரி நிற்கும் மனையும் மிராசு நிலம் என்ற வாதம் வேறு. எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய் என்று சொல்லிவிடலாம். சர்க்கார் பிடுங்காமல் இருக்க எல்லிஸ் கட்டிக்கொடுத்த வாதம், எழுபது வருஷம் கழித்து, கீழே இருப்பவனுக்கு ஒரு துண்டு நிலம் போகாமல் தடுக்கும் வேலியாக நின்றது. ரூபா விசுவநாத் 2014-ல் வெளியிட்ட நூலில் இந்தப் பகுதியை விரிவாகப் பார்க்கலாம்.

திரெமென்ஹீரின் குறிப்பை அடுத்து 1892 செப்டம்பர் 30-ல் பிறந்தது அரசாணை 1010. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதன் வழி வந்தது. பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மாகாணம் முழுக்கக் கொடுத்தது 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் பெரும்பங்கு கைமாறிப் போனதும் தெரிந்த கதை. காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். அவர்கள் கேட்டதும் தாத்தாவுக்கு எழுதிக் கொடுத்த நிலம்தான். அரபி அகராதியின்படி பார்த்தால் அதற்குப் பெயர் மிராசு.

சொல் இப்போது ஓய்ந்துகொண்டிருக்கிறது. பரம்பரைக் கணக்குப்பிள்ளை, முன்சீப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980-ல் ஒழித்தது. திருமலையில் அர்ச்சனையிலும் பிரசாதத்திலும் பரம்பரைப் பங்கு கொண்டிருந்த மிராசு முறையை ஆந்திர அரசின் 1987 சட்டம் நீக்கியது, 1996-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. செங்கல்பட்டில் அது பழைய பத்திரங்களில் மட்டும் இருக்கிறது.

அந்தப் பத்திரங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், திருப்போரூர், செய்யூர்ப் பக்கத்து வீடுகளில் பரணில் ஓலையோ முத்திரைத்தாளோ கிடந்தால் தயவுசெய்து கரையானுக்கும் பழைய பேப்பர் கடைக்கும் விடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள், எழும்பூர் காப்பகத்திலோ தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ காட்டுங்கள். 'காணியாட்சி' என்று மட்டும் இருக்கிறதா, 'மிராசு' வந்துவிட்டதா என்று பாருங்கள். நவாபுகள் காலத்துக்கு முந்தைய ஒரே ஒரு ஓலையில் 'மிராசு' இருந்தாலும், சொல்லைக் கொண்டுவந்தது நவாப் கச்சேரி என்ற என் முடிவை மாற்றி எழுத வேண்டியிருக்கும். படியாள்கள் பெயர் வரும் பத்திரம் இருந்தால் அதை முதலில் காட்டுங்கள். நம்மிடம் குறைவாக இருப்பது அவைதான்.